எங்கள் மாவட்டத்தில் சாதிக் கொடுமைக்கு ஒரு உதவி எண் தொடங்கிய அனுபவம்

தீண்டாமை, சாதிக் கொடுமை பற்றிப் புகார் சொல்ல எங்கள் மாவட்டத்தில் ஒரு உதவி எண்ணைத் தொடங்கி நடத்தி வருகிறோம். இதை எப்படி ஆரம்பிப்பது என்று வேறு இரண்டு மாவட்டங்களிலிருந்து நண்பர்கள் கேட்டார்கள். போனில் சொன்னதில் பாதி விட்டுப்போனது. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அரசே 14566 என்று ஒரு எண் வைத்திருக்கிறதே, நீங்கள் எதற்கு? எல்லோரும் கேட்ட முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. அந்தத் தேசிய உதவி எண் 2021 டிசம்பரில் வந்தது. கட்டணம் கிடையாது. இலவச சட்ட உதவிக்கு 15100 இருக்கிறது. இரண்டையும் நாங்களே ஆட்களுக்குச் சொல்கிறோம். ஆனால் புகார் கொடுப்பதற்கும் எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வருவதற்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் நாள் முழுக்க உட்காரவைப்பார்கள். "ஊர்ப் பெரியவங்க பேசி முடிச்சிடுவாங்க, போங்க" என்பார்கள். எதிர்த்தரப்பிடம் ஒரு புகாரை வாங்கி வைத்துக்கொண்டு, "உன் மேலயும் கேஸ் இருக்கு" என்று பயமுறுத்துவார்கள். அந்தத் தூரத்தில் கூட நடந்து வர ஆள் வேண்டும். எங்கள் எண் அதற்காகத்தான்.

எண் வாங்குவது பெரிய வேலை இல்லை. கட்டணமில்லா எண் வேண்டும் என்று ஆரம்பத்தில் சிலர் பிடிவாதமாக இருந்தார்கள். சாதாரண பத்து இலக்க மொபைல் எண்ணே போதும் என்று முடிவு செய்தோம். மிஸ்டு கால் கொடுத்தால் பத்து நிமிடத்துக்குள் நாங்கள் திரும்பக் கூப்பிடுவோம். கடைசி ஐந்து இலக்கமும் எழுத்துத் தெரியாதவர்கள்கூட மனப்பாடமாகச் சொல்கிற மாதிரி அமைந்தது எங்கள் நல்ல நேரம்.

நாங்கள் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. கூப்பிடுகிறவர் கையில் இருக்கும் போன் யாருடையது? பல நேரம் வீட்டுக்காரருடையது, மகனுடையது, சில நேரம் வேலை செய்யும் இடத்து மேஸ்திரியுடையது. நாங்கள் திரும்பக் கூப்பிடும்போது வேறு ஆள் எடுத்துவிட்டால் புகார் சொன்னவர் மாட்டிக்கொள்வார். அதனால் முதல் பேச்சிலேயே, "திரும்பக் கூப்பிடலாமா, எந்த நேரத்துக்கு, வேற யாராவது எடுத்தா என்ன சொல்லட்டும்?" என்று கேட்டு வைத்துக்கொள்கிறோம். எங்கள் எண்ணைச் சித்தி என்றும் நாத்தனார் என்றும் பெயர் போட்டு வைத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். இதே காரணத்தால்தான் அழைப்பைப் பதிவு செய்வதில்லை என்றும் முடிவெடுத்தோம். எழுதிக்கொள்கிறோம், எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுகிறோம். நோட்டில் பெயருக்குப் பதிலாக ஒரு எண்தான் இருக்கும். பெயர்ப் பட்டியல் தனியாகப் பூட்டில் இருக்கிறது.

அடுத்தது படிவம். முதலில் தயாரித்ததில் நாற்பது கேள்விகள். ஒத்திகை பார்த்தபோது பதினைந்தாவது கேள்வியிலேயே எங்கள் ஆளே சோர்ந்துபோனார். கிழித்துப் போட்டுவிட்டு ஏழு கேள்வியாக்கினோம். முதல் கேள்வி: "இப்ப எங்க இருக்கீங்க, பக்கத்துல யார் இருக்காங்க?" காயம் இருந்தால் மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அரசு மருத்துவமனை. உள்நோயாளியாகச் சேர்ந்தால் மருத்துவமனையிலிருந்தே ஸ்டேஷனுக்குத் தகவல் போகும், காயத்துக்கும் பதிவு இருக்கும்.

இந்த ஏழில் நாங்கள் அதிகம் தடுமாறிய கேள்வி, "என்ன சொல்லித் திட்டினாங்க?" என்பது.

எங்களுடன் இருப்பவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவ்வளவு பண்பானவர். முதல் வாரத்தில் அவர் எழுதிய பக்கத்தைப் பார்த்தேன். "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. "ஐயா, அந்த வார்த்தை என்ன?" என்றேன். "அதை எப்படிம்மா கையால் எழுதுவது" என்றார். அவர் தயக்கம் புரிந்தது. அந்த வார்த்தைகளைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர் அவர். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியதும் இழிவுபடுத்தியதும் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். என்ன வார்த்தை, எந்த இடம், கூட யார் நின்றார்கள் என்ற மூன்றும் புகாரிலேயே இல்லாவிட்டால், பின்னால் கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் அதைப் பிடித்துக்கொண்டுதான் இழுப்பார்கள். "முதல்ல சொல்லல, இப்ப சேத்துச் சொல்றீங்க" என்பார்கள். அன்று புகார் சொன்ன அம்மாவுக்குத் திரும்பவும் போன் செய்து, அவர் சொல்லச் சொல்ல ஐயாவே எழுதினார். மேற்கோள் குறி போட்டு, எழுத்து மாறாமல். எழுதி முடித்து நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றார்.

தன்னார்வலர்களிடம் ஒரே ஒரு வாக்கியத்தைத் தடை செய்திருக்கிறோம்: "கவலைப்படாதீங்க, நாங்க பாத்துக்கறோம்." நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் அதைக் கேட்டவர் ஸ்டேஷனுக்குப் போகாமல் எங்களுக்காகக் காத்திருந்துவிட்டார். மூன்று நாள் வீணானது. இப்போது நாங்கள் செய்ய முடிந்ததை மட்டும் நாள் குறித்துச் சொல்கிறோம்.

புகார் கொடுக்கப் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்லித் தருவது கொஞ்சம்தான், ஆனால் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். வாயால் சொன்னாலும் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டு, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி, நகலை இலவசமாகத் தர வேண்டும். சி.எஸ்.ஆர். ரசீதை, அதாவது புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சீட்டைக் கொடுத்து அனுப்பினால் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம், அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. பதிய மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். விசாரிக்கும் அதிகாரி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையக்கூடாது. குற்றப்பத்திரிகைக்கு 60 நாள். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியர் மேலேயே 4-ஆவது பிரிவில் நடவடிக்கை உண்டு. இந்தக் கடைசி வரியை மிரட்டலாகப் பயன்படுத்த வேண்டாம் என்றும் சொல்கிறோம். எழுதி வைத்துக்கொண்டு போனாலே போதும், பேச்சு மாறும்.

எண்ணைப் பரப்புவதில் நிறையத் தவறு செய்தோம். பஸ் ஸ்டாப்பிலும் டீக்கடைச் சுவரிலும் போஸ்டர் ஒட்டினோம். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு போஸ்டரும் இல்லை. எங்களுக்கு வருத்தம். ஆனால் யோசித்துப் பார்த்தால், அது இருந்திருந்தாலும் ஊர் பார்க்க நின்று யார் அதைக் குறித்துக்கொள்வார்கள்? நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் மத்தியானம் பெண்கள் உட்கார்ந்து பேசும்போது போய்ச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அழைப்புகள் வந்தன.

அப்படித்தான் அந்த அழைப்பும் வந்தது. சாயங்காலம் நாலரை மணி. பின்னால் பறைச் சத்தம் நின்றுபோன அமைதி. "எங்கப்பாவ வச்சிக்கிட்டு ரோட்டுல நிக்கிறோம்க்கா. அந்தத் தெரு வழியா எடுத்துட்டுப் போகக் கூடாதுங்கிறாங்க." பொதுத் தெருவையும் சுடுகாட்டுப் பாதையையும் இப்படி மறிப்பது 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்திலிருந்தே குற்றம். அதை அந்த நேரத்தில் அவருக்குச் சொல்லி என்ன ஆகப் போகிறது? ஒருவர் லைனிலேயே இருந்தார். இன்னொரு போனில் நான் 112-க்கும், டி.எஸ்.பி. அலுவலகத்துக்கும், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் பேசினேன். ஒவ்வொரு இடத்திலும் எடுத்தவர் பெயரையும் நேரத்தையும் கேட்டு எழுதினேன். ஆறே முக்காலுக்குப் போலீஸ் பாதுகாப்போடு அதே தெரு வழியாக எடுத்துப் போனார்கள்.

மறுநாள் புகார் எழுத வீட்டுக்குப் போனோம். வேண்டாம் என்றார். "நாளைக்கு அவங்க வயலுக்குத்தான்க்கா நாத்து நடப் போகணும்." எங்களில் ஒரு சட்டக் கல்லூரி மாணவிக்குத் தாங்கவில்லை, வற்புறுத்தப் பார்த்தாள். நான் தடுத்தேன். அங்கே இரவு தூங்கப் போகிறவர் அவர், நாங்கள் இல்லை. 'புகார் வேண்டாம் என்கிறார்' என்று எழுதி, அதற்கடுத்த கட்டத்தைக் காலியாக விட்டோம். பெயரும் ஊரும் இல்லாமல், சம்பவத்தை மட்டும் பட்டியலில் சேர்த்தோம். கலெக்டர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டிய மாவட்ட விழிப்பு, கண்காணிப்புக் குழுவின் உறுப்பினர்களிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்து வருகிறோம். பாதைப் பிரச்சினை உள்ள ஊர்கள் என்று தனியாக ஒரு வரி அதில் இப்போது இருக்கிறது.

ஐந்து மாதம் கழித்து அதே பெண் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுப் பையனை டீக்கடை முன்னால் வைத்து அடித்திருக்கிறார்கள். பையனை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது என்றார். நான் நோட்டை எடுப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். "மணி எட்டேகாலு. நின்னவங்க நாலு பேரு. அவன் சொன்ன வார்த்தையைக் காலண்டர் தாள்ல அப்படியே எழுதி வச்சிருக்கேன். வாசிக்கட்டாக்கா?"