பார் உச்சியில் கத்தரி வைக்காதீர்கள்

நாகை மாவட்டத்துத் தலைஞாயிறுக்குக் கிழக்கே எங்கள் கொல்லை. அசல் கடைமடை. மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும் தண்ணீர் ஊர் ஊராகப் படியளந்துவிட்டு எங்களிடம் வந்து சேர ரொம்ப நாளாகும். கோடையில் முகத்துவாரம் வழியே கடல்தண்ணீர் உள்ளே ஏறிவிடும். கைபம்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. இந்த மண்ணில் காய்கறியா என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

பார் என்றால் இரண்டு வாய்க்காலுக்கு நடுவே அணைத்த மண்மேடு. பங்குனி வெயிலில் பார் பிடித்த கத்தரிப் பாத்தியைக் குனிந்து பாருங்கள். இரண்டு பக்க வாய்க்காலிலும் பாய்ந்த தண்ணீர் மண்ணுக்குள் மெல்ல மேலேறி, பாரின் உச்சியில் வந்து சேர்ந்து, அங்கேதான் காய்கிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு எங்கே போகும்? உச்சியில் விரல்கடை அகலத்துக்கு வெள்ளையாகப் பூத்து நிற்கும். தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். ஒரு சாண் கீழே, சரிவில், அதே மண் நாக்குக்குச் சாதாரணமாக இருக்கும். அதனால் என் மாமியார் நாற்றை உச்சியில் வைக்கவே மாட்டார், சரிவின் பாதியில்தான் வைப்பார். "உச்சியில வச்சா ஊறுகா போட்ட மாதிரிதான் ஆவும், பாத்துக்க" என்பார். படித்துவிட்டு வந்த எனக்கு அந்தச் சாண் கணக்கு எந்தப் புத்தகத்தைவிடவும் அதிகம் உதவியிருக்கிறது.

புத்தகமும் வேண்டும்தான். மண்ணின் உப்பை டெசிசீமன் என்ற அலகில் அளக்கிறார்கள், எண் ஏற ஏற உப்பு அதிகம். பீன்ஸ் 1-ஐத் தாண்டினாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும், அதுவும் ஒவ்வொரு டெசிசீமனுக்கும் சுமார் 19 சதம். கத்தரியும் கிட்டத்தட்ட அங்கேயே, 1.1-இல் இறங்கத் தொடங்குகிறது. ஆனால் டெசிசீமனுக்கு 7 சதம்தான். ஆக மண் 4-இல் இருந்தால் பீன்ஸில் பாதிக்கு மேல் போய்விடும், கத்தரியில் ஐந்தில் ஒரு பங்கு. 'தாங்கும் பயிர்', 'தாங்காத பயிர்' என்று மட்டும் எழுதிப் போடும் அட்டவணைகளில் இந்த வித்தியாசம் காணாமல் போகிறது. தக்காளி 2.5 வரை அசைந்து கொடுக்காது. காராமணி 4.9 வரை. கொத்தவரை அதற்கும் மேலே. வெங்காயம் 1.2, அந்த ஆசையை நான் விட்டுவிட்டேன்.

இந்தக் கணக்கெல்லாம் வேர் பிடித்த செடிக்கு. முளைவிடும்போதும் நாற்றுப் பருவத்திலும் இதே செடிகள் ரொம்ப நோஞ்சான். அதனால் தக்காளி விதையை நேரே பாத்தியில் போடுவதில்லை. மழைத்தண்ணீர் பிடித்த தொட்டியில் நாற்று விட்டு, தண்டு தடித்த பிறகுதான் இறக்குவோம். அப்புறம் அது சமாளித்துக்கொள்ளும். முதலில் அடி இலைகளின் ஓரம் கருகும், கொழுந்து பச்சையாகவே இருக்கும். காய் சிறுக்கும், ஆனால் இனிப்பு கூடும். உப்பு மண்ணில் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேர்வது குறைவதால், சிலது அடியில் கறுத்து அழுகும். அதை நோய் என்று மருந்தடிப்பது வீண் செலவு.

இன்னொரு வீண் செலவு ஜிப்சம். தப்பான மண்ணில் போட்டால்தான் வீண் என்கிறேன். உரக்கடையில் மண் வெள்ளையாயிருக்கு என்றாலே மூட்டையைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். என் நாத்தனார் வீடு திருச்சி மணிகண்டம் பக்கம். அங்கே களர். காரத்தைக் காட்டும் பி.எச். அளவு 8.5-க்கு மேல், மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டு மேலே ஓடு கட்டிவிடும், பெய்த மழை இறங்காமல் நிற்கும். அவர்கள் வெண்டையில் கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இரும்பு மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காத கோலம் அது. அங்கே ஜிப்சம் வேலை செய்யும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை மண்ணிலிருந்து பெயர்த்தெடுக்கும், அப்புறம் தண்ணீர் கட்டி வடித்துவிட வேண்டும். உப்பு மட்டும் ஏறிய வெறும் உவர் மண்ணுக்கு வடிகாலும் நல்ல தண்ணீரும் போதும். கடல் புகுந்த மண்ணில் இரண்டு தொல்லையும் சேர்ந்தே வரும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகைப் பக்கத்து வயல்களில் ஜிப்சமும் போட்டார்கள், பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டையும் மடக்கி உழுதார்கள், மிச்சத்தை ஐப்பசி கார்த்திகை மழை கழுவியது. எது உங்கள் மண் என்று பரிசோதனை செய்யாமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

சொட்டுநீர் போட்டிருப்பவர்களுக்கு ஒன்று. சொட்டு விழும் இடத்தில் உப்பு இருக்காது, ஈர வட்டத்தின் விளிம்பில் வளையமாக ஒதுங்கி நிற்கும். கோடையில் லேசாக ஒரு தூறல் போட்டால் அந்த வளையம் கரைந்து நேராக வேருக்குப் போகும். எனவே தூறும்போது மோட்டாரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள், உப்பு வெளியே தள்ளியே நிற்கும். மழையில் மோட்டார் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்துக் கொல்லைச் சித்தப்பா சிரிக்கிறார். சிரிக்கட்டும், கொத்தவரை கேட்டு வேலியோரம் வருவதும் அவர்தான்.