தலைவரம்மாவின் பின் நம்பர்

நீலகிரியில் 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும் பாதி இடம் பெண்களுக்குத்தான். மூன்றில் ஒரு பங்காக இருந்ததை 2016-ல் சட்டம் திருத்திப் பாதியாக்கினார்கள். ஆகவே பாதி ஊராட்சிகளில் பெயர்ப்பலகையில் பெண் பெயர் இருக்கும். பலகைக்குக் கீழே இருக்கிற நாற்காலி கதை வேறு.

"அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அதான் வீட்டுக்காரர் பாத்துக்கறார்" என்பது நம்மூரில் தயாராக இருக்கும் பதில். மகளிர் குழுவில் சேமிப்பு, உள்கடன், வட்டி, வங்கிக் கடன் என்று வருடக்கணக்கில் நோட்டு எழுதியவருக்கு ஊராட்சியின் ரொக்கப் புத்தகம் மட்டும் எப்படிப் புரியாமல் போகும்? அதிகாரம் கைமாறுவதற்கென்று நாலைந்து இடங்கள் இருக்கின்றன. எல்லாமே பார்வைக்கு அற்பமானவை. அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்ட பெண்ணை ஓரங்கட்டுவது அவ்வளவு சுலபமில்லை.

முதல் இடம் ஆள் தேர்வு. ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஊர்க்கூட்டம் கூடி ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தக் கூட்டமோ காலங்காலமாக ஆண்கள் உட்காரும் இடம். பெண்கள் தொகுதி என்று அறிவிப்பு வந்ததும் முதலில் எந்த வீடு என்பது முடிவாகும், அப்புறம்தான் அந்த வீட்டில் எந்தப் பெண் என்று தேடுவார்கள். மனைவி சரிப்படாவிட்டால் அம்மா, அம்மாவுக்கு முடியாவிட்டால் மருமகள். ஹட்டியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. எஸ்டேட் லைன்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், தொழிற்சங்கக்காரர்களும் கட்சிக்காரர்களும் செய்வதும் இதையேதான். 1962-லேயே அக்கம்மா தேவியை, படுகர்களில் முதல் பட்டதாரிப் பெண்ணை, மக்களவைக்கு அனுப்பிய மாவட்டம் இது. அதற்குப் பின் நீலகிரித் தொகுதியில் ஒரு பெண்கூட ஜெயிக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் ஆயிரம் ஆண்களுக்கு 1,042 பெண்கள் என்று மாநிலத்திலேயே முன்னால் நின்றதும் இதே மாவட்டம்தான். எண்ணிக்கைக்குக் குறைவே இல்லை.

இதற்கு ஒரே மருந்து முந்திக்கொள்வது. ஊராட்சி அளவில் மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு இருக்கிறது. அறிவிப்புக்குப் பல மாதங்கள் முன்பே அங்கே தீர்மானம் போட்டு இரண்டு மூன்று பெயர்களை ஊரில் புழங்கவிட வேண்டும். மனுத்தாக்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பேச ஆரம்பித்தால் ஊர்க்கூட்டம் ஏற்கெனவே முடித்திருக்கும்.

அடுத்தது காகிதம். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும், அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் இன்னும் பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே கிடப்பது சர்வசாதாரணம். கூக்கலிலிருந்து கெங்கரைக்கு வந்து பத்து வருடம் ஆகியிருக்கும், ஓட்டு மட்டும் அங்கேயே இருக்கும். படிவம் 8 கொடுத்து மாற்ற வேண்டும். அதைத் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

தனித்தொகுதியென்றால் சாதிச் சான்றிதழ் பிறப்பை வைத்துத்தான், கணவரை வைத்து அல்ல. அதனால் சான்றிதழில் அப்பா பெயரும் வாக்காளர் அட்டையில் கணவர் பெயரும் இருக்கும். பரிசீலனையில் எதிராளி கிளப்புவது இதைத்தான். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட ஆதார், பள்ளிச் சான்றிதழ், திருமணப் பதிவு எல்லாவற்றின் நகலும் கையில் இருக்கட்டும். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தாயகம் திரும்பியோர் குடும்பங்களுக்கு இந்தத் தலைவலி இரட்டிப்பு. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களின் பழைய காகிதங்களில் பெயரின் எழுத்தே வேறு மாதிரி இருக்கும். இலங்கையில் 1931-லேயே பெண்களுக்கும் ஓட்டு வந்தது, 1948–49 சட்டங்களில் தோட்டத் தமிழர்களிடமிருந்து அது போனது. அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண் இங்கே ஒரு இனிஷியலுக்காக மனு தள்ளுபடியாகி நிற்கக் கூடாது.

ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. 2019-ல் டெபாசிட் தலைவருக்கு 600 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 200. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. செலவு உச்சவரம்பு தலைவருக்கு 34,000, வார்டுக்கு 9,000. செலவுக் கணக்கை முடிவு வந்த 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும், தோற்றவரும்தான். வீட்டுக்காரர் செலவு செய்துவிட்டுக் கணக்கு கொடுக்காமல் விட்டால், மறுபடி நிற்கத் தடை வருவது அந்தப் பெண்ணின் பெயருக்கு. தேநீர்க்கடை பில் முதல் ஜீப் வாடகை வரை ஒரு நோட்டில் அவரே எழுதி வைப்பது நல்லது.

ஜெயித்த பிறகு முதல் பத்து நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் அந்தப் பதவிக்குத் தனி மவுசு. பேரம் நடப்பது வேறு எங்கோ ஒரு வீட்டில், ஆண்களுக்குள். தலைவர் அந்தப் பேச்சில் இல்லாவிட்டால் அடுத்த ஐந்து வருடம் ஒவ்வொரு பில்லுக்கும் கெஞ்ச வேண்டிவரும். துணைத்தலைவர் வேண்டுமென்றே கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தால் ஆட்சியருக்கு எழுத்துமூலம் மனு கொடுக்கலாம்; ஊராட்சிகள் சட்டத்தின் 203-ஆம் பிரிவைக் கொண்டு காசோலை அதிகாரத்தை மாற்றிவிட அவரால் முடியும். எந்தத் தேதியில் எந்த பில்லை அனுப்பினோம், எப்போது திரும்பி வந்தது என்ற குறிப்பு இல்லாமல் போனால் மனு நிற்காது.

இப்போது காசோலையைவிட முக்கியம், ஊராட்சிப் பணத்தை அனுப்பப் போடும் டிஜிட்டல் கையெழுத்து. யு.எஸ்.பி. டோக்கன் ஒன்று, அதற்கு ஒரு பின் நம்பர். டோக்கன் வாங்கும்போது கொடுக்கும் செல் நம்பர் யாருடையது என்று பாருங்கள். கணவருடைய நம்பர் கொடுத்தால் ஓ.டி.பி. அவருக்குப் போகும், டோக்கன் ஊராட்சிச் செயலரின் மேஜை டிராயரில் கிடக்கும், பின் நம்பரை அட்டையிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். அதன் பிறகு தலைவருக்குத் தெரியாமலே பணம் போய்க்கொண்டிருக்கும். தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். 205-ஆம் பிரிவில் நீக்க நடவடிக்கை வந்தாலும் நோட்டீஸ் அவருக்குத்தான் வரும், வீட்டுக்காரருக்கு வராது. தன் பெயரில் சிம், தன் பையில் டோக்கன், தனக்கு மட்டும் தெரிந்த பின் நம்பர். தீர்மானப் புத்தகத்தில் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவதும் இதே வகைதான். "அப்புறம் எழுதிக்கறோம்மா" என்றால், எழுதிய பிறகு போடுகிறேன் என்று சொன்னால் போதும். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்திடுவது இன்னும் பத்திரம்.

கிராம சபையில் மலைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, சமவெளியில் இருந்து வரும் பயிற்சியாளர்கள் அதைக் கவனிப்பதில்லை. வருடத்துக்கு ஆறு சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் நாலு நாள் எஸ்டேட்டில் சம்பளத்தோடு விடுமுறை. மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் அப்படியில்லை. அன்றைக்குச் சபைக்கு வரும் பெண்ணுக்கு ஒருநாள் கூலி போகும், கொழுந்து எடையும் போகும். நவம்பரில் குன்னூர், கோத்தகிரிச் சரிவில் வடகிழக்கு மழை வேறு. 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்கள் அந்த மாதத்தில் கூட்டத்துக்காக இரண்டு கிலோமீட்டர் நடந்து வர மாட்டார்கள். கூடலூர்ப் பக்கம் நேர்மாறு, ஆகஸ்ட் 15 தென்மேற்கு மழையில் நனையும். சாயங்காலம் வைக்கலாம் என்றால் சேரங்கோடு, குஞ்சப்பனைப் பக்கம் யானை. இருட்டிய பிறகு பெண்களை மட்டுமில்லை, யாரையுமே நடக்கச் சொல்ல முடியாது.

கோரம், அதாவது குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற கணக்கு, வேறு இருக்கிறது. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை 200, அதற்கு மேல் 300. மாவட்டம் முழுக்க 35 ஊராட்சிதான் என்பதால் ஒவ்வொன்றும் பெரிது, குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கும். கோரம் காட்ட நூறு நாள் வேலைப் பெண்களைக் கூட்டி வந்து கையெழுத்து வாங்கி அனுப்புவது பழைய பழக்கம். பெண்கள் வந்தார்கள் என்று பதிவேடு சொல்லும், அவர்கள் பேசியது ஒரு வரி இருக்காது. இதை உடைக்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது: ஏழு நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். அந்த ஏழு நாளில் குழுக் கூட்டத்திலேயே கோரிக்கையை எழுதி, பத்துப் பதினைந்து பேர் கையெழுத்தோடு செயலரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாக ஒப்பமும் வாங்க வேண்டும். பெண்கள் எழுந்து பேசக் கூச்சப்பட்டாலும் காகிதம் பேசும். தலைவர் பெண்ணாக இருந்தால் அதைச் சபையில் படிக்கச் சொல்வது அவர் வேலை.

லைன் வீடுகளுக்கு என்று வரும்போது இன்னொரு பொறி. தண்ணீர்க் குழாய், கழிப்பறை, பாதை என்று எதைக் கேட்டாலும் "அது எஸ்டேட் பொறுப்பு" என்று ஊராட்சி சொல்லும், "நீங்கதான் ஊராட்சிக்கு ஓட்டுப் போட்டீங்களே" என்று மேனேஜர் சொல்வார். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டையும் குடிநீரையும் நிர்வாகத்தின் தலையில் வைத்தது, அதைப் பிடித்துக்கொண்டே இரு பக்கமும் கை கழுவினார்கள். கோரிக்கையை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: லைனுக்குள் இருப்பது நிர்வாகத்துக்கு, தொழிலாளர் துறைக்கு ஒரு நகல், லைனைத் தாண்டிய பொதுப்பாதையும் தெருவிளக்கும் ஊராட்சிக்கு. ஒரே மனுவில் இரண்டையும் சேர்த்தால் இரண்டும் நகராது.