கீசர் வாங்குவதற்கு முன் தண்ணீரைச் சோதித்தோம்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக் கீசர் நான்கே வருடத்தில் ஒழுகத் தொடங்கியது. அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே சுவிட்சைப் போட்டால் உள்ளே சோளம் பொரிவது போலச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

பிளம்பர் கழற்றித் தந்த காயிலை இன்னும் வைத்திருக்கிறேன். விரல் தடிமனுக்கு வெள்ளைப் பாறை ஏறியிருந்தது. அம்மா அதன்மேல் கொஞ்சம் வினிகர் விட்டார், சர்ரென்று நுரைத்தது. சுண்ணாம்பேதான். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டால் கால்சியம் கார்பனேட்டாகிப் படிந்துவிடும். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகக் கரைந்துபோகும் மெக்னீசியத் தண்டில் நடுக்கம்பி மட்டுமே மிச்சம். அதை வருடந்தோறும் பார்க்க வேண்டும் என்று விற்ற கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

புதிதாக 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் வாங்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டு, முதலில் போர்வெல் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தேன். கடினத்தன்மை லிட்டருக்கு 540 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் 200 வரை ஏற்கிறது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. மழை குறைந்த இந்தக் கிழக்குப் பாலக்காட்டில் எங்களுக்கு வேறு தண்ணீர் ஏது?

சோலார் வைக்கலாமா என்று யோசித்தோம். தட்டு வகையில் மெல்லிய செம்புக் குழாய்கள். இந்தத் தண்ணீரில் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் வகை பரவாயில்லை, ஆனால் எங்கள் ஓட்டுக் கூரை அந்தப் பாரம் தாங்காது. கடைசியில் உட்புறம் கண்ணாடிப் பூச்சுள்ள 25 லிட்டர் தொட்டிக் கீசரும், குளியலறைக்குப் போகும் குழாயில் மட்டும் தண்ணீரை மென்னீராக்கும் சிறிய சாஃப்ட்னரும் வைத்தோம். கால்சியத்தை எடுத்துச் சோடியத்தை விடும் கருவி என்பதால் குடிநீர்க் குழாயை அதில் சேர்க்கவில்லை. சாஃப்ட்னரைக் கழுவிவிடும் உப்புநீர் தென்னை மூட்டுக்குப் போகாதபடி தனிக்குழாயும் போட்டோம். சூட்டையும் 60 டிகிரிக்கு மேல் வைப்பதில்லை.

எட்டு மாதம் கழித்துத் திறந்து பார்த்தோம். காயிலில் நகத்தால் சுரண்டினால் உதிரும் அளவுக்குத்தான் படிவு. தண்டு மட்டும் கால்வாசி கரைந்திருந்தது. மென்னீரில் அது வேகமாகக் கரையும் என்று பிளம்பர் முன்பே எச்சரித்திருந்தார். மாற்றுத் தண்டு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன்.