அரை லிட்டர் ஃபில்டருக்குள் எதைப் போடுவது?

என் மீன் தொட்டி 18 x 10 x 12 அங்குலம். விளிம்பு வரை நிரப்பினால் 35 லிட்டர், மணலும் கல்லும் போக முப்பது தேறினால் அதிகம். பின்பக்கம் தொங்குகிற ஹேங் ஆன் ஃபில்டரில் மீடியா, அதாவது நீரைச் சுத்தம் செய்யும் பொருள், வைக்கும் அறை அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். கேனிஸ்டர் என்கிற பெரிய டப்பா ஃபில்டர் வைத்திருப்பவர்கள் ஸ்பாஞ்ச், செராமிக் ரிங், கார்பன், சியோலைட் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இங்கே ஒன்று உள்ளே போனால் இன்னொன்று வெளியே வந்தாக வேண்டும்.

ஃபில்டரோடு வந்தது கார்பன் அடைத்த மெல்லிய கார்ட்ரிட்ஜ். முதலில் கழற்றியது அதைத்தான். கார்பன் கெட்ட பொருள் இல்லை. மருந்து போட்டு முடித்தபின் மிச்சத்தை இழுக்க, நாற்றம் போக்க, நீரின் நிறத்தை எடுக்க அதற்கு நிகரில்லை. ஆனால் சில வாரங்களில் அதன் துளைகள் நிறைந்துவிடும், பிறகு அது வெறும் கரித்துண்டு. தவிர நான் தொட்டியில் பாதாம் இலை போடுகிறவன். இலை விடுகிற பழுப்பைக் கார்பன் பிடித்துக்கொண்டால் இலை போட்டு என்ன பயன்? "கார்பன் இல்லாம ஃபில்டரா அண்ணா?" என்று கொளத்தூரில் கடைப்பையன் சிரித்தான். ஒரு பாக்கெட் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன், மருந்துக்குப் பிறகு போட.

சியோலைட் என்கிற கனிமக் கல்லையும் யோசித்தேன். மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அமோனியாவை நேராகப் பிடிக்கும், உப்பு நீரில் ஊறவைத்தால் பிடித்ததை விட்டுவிட்டு மறுபடி வேலைக்கு வரும். சிக்கலும் அங்கேதான். என் தொட்டியில் மோலி மீன் இருக்கிறது. வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கல்லுப்பைத்தான் முதலில் எடுப்பேன். சியோலைட் உள்ளே இருக்கும்போது உப்புப் போட்டால், அதுவரை சேர்த்து வைத்த அமோனியாவைத் தொட்டிக்குள்ளேயே அவிழ்த்துவிடும். வேண்டாம்.

நீரைக் கடினமாக்கி பிஎச்சை ஏற்றுகிற பவளத்துண்டு பற்றிப் பேச்சே இல்லை. எங்கள் போர் தண்ணீர் ஏற்கெனவே கடினம், பிஎச் 8 பக்கம் நிற்கிறது. மோலிக்கும் கூட இருக்கிற கப்பி மீனுக்கும் அது சௌகரியம்தான். ஆனால் பிஎச் ஏற ஏற அமோனியாவின் விஷமும் ஏறும். 28 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் விஷமான பங்கு ஒரு சதவீதம்கூட வராது, பிஎச் 8 ஆனால் ஆறேழு சதவீதம். டெஸ்ட் கிட்டில் ஒரே நிறம் காட்டினாலும் மீனுக்குப் பத்து மடங்கு வித்தியாசம். அதனால் இந்த அரை லிட்டர் இடம் முழுக்க, அமோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாவுக்கே என்று முடிவானது. மிஞ்சிய போட்டி செராமிக்குக்கும் ஸ்பாஞ்சுக்கும்.

முதல் வாய்ப்பு செராமிக் ரிங்குக்கு. வலைப்பையில் கட்டி இறக்கினேன். துளைகளுக்குள் அவ்வளவு பரப்பு, இவ்வளவு பரப்பு என்று டப்பாவில் பெரிதாகப் போட்டிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தால், தண்ணீர் பையின் ஊடே போகாமல் பக்கவாட்டு இடுக்கில் வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீருக்கு எங்கே எளிதோ அங்கேதானே போகும். சில வாரம் கழித்து ஒரு ரிங்கை எடுத்துத் தட்டினேன். நடு ஓட்டை நிறைய பழுப்புச் சேறு, வெளிப்பக்கம் வழவழப்பான படலம். அந்தப் பூச்சுக்கு அடியில் இருக்கிற நுண்துளை எத்தனை சதுர மீட்டராக இருந்தால் என்ன, ஆக்சிஜன் போய்ச் சேராத பரப்பு கணக்கில் வராது. ஆழமான துளைகளில் நைட்ரேட்டும் குறையும் என்கிற விளம்பரம், இவ்வளவு வேகமாக நீர் ஓடுகிற பெட்டியில் நடக்கிற காரியமாக எனக்குப் படவில்லை. நைட்ரேட்டுக்கு வாராவாரம் கால்பங்குத் தண்ணீர் மாற்றுகிறேன். மணிபிளாண்ட் வேர் ஒன்றும் தொட்டிக்குள் தொங்குகிறது.

அடுத்து ஸ்பாஞ்ச். கொஞ்சம் பெரிய கண்ணுள்ள கறுப்பு ஸ்பாஞ்சை, அறையின் அகலத்தைவிட ஒரு நூல் கூடுதலாக வெட்டிச் செருகினேன். நாலு பக்கமும் சுவரை அழுத்தி உட்கார்ந்ததும் தண்ணீருக்கு வேறு வழியில்லை, ஊடேதான் போக வேண்டும். நண்பர் வீட்டுத் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து பாக்டீரியா ஏறட்டும் என்று இதன்மேல் பிழிந்தேன், ரிங் பையையும் உடனே எடுக்காமல் பக்கத்திலேயே கொஞ்ச நாள் விட்டேன். அமோனியா டெஸ்ட் வெளிர் பச்சையிலிருந்து, அமோனியா இல்லை என்று காட்டும் மஞ்சளுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. நைட்ரைட்தான் ஊதாவிலேயே பிடிவாதமாக நின்று, பிறகு ஒருவழியாக, நைட்ரைட் இல்லை என்கிற வான்நீலத்துக்கு இறங்கியது.

ஸ்பாஞ்சுக்கு மேல், தண்ணீர் வெளியே விழும் இடத்தில், ரெக்ரான் பஞ்சு ஒரு விரல் தடிமனுக்கு. தலையணைக்குள் அடைப்பார்களே, அதே பாலியெஸ்டர். கடையில் ஃபில்டர் ஊல் என்று தனி விலையில் விற்பதும் பெரும்பாலும் இதுதான். இலவம் பஞ்சைப் போட்டுவிடாதீர்கள், அழுகும். மிதக்கிற தூசியை இது பிடிப்பதால் தண்ணீர் பளிச்சென்று ஆகிறது. அழுக்கானால் தூக்கிப்போட்டு வேறு வைக்கிறேன், பாக்டீரியா ஸ்பாஞ்சில் இருப்பதால் பயமில்லை.

ஸ்பாஞ்சைக் கழுவுவது மட்டும் தொட்டியிலிருந்து எடுத்த நீரில். வாளியில் பிழிந்தால் டிகாஷன் நிறத்தில் இறங்கும், மழை மண் வாசம் வரும். அழுகல் வாடை வந்தால்தான் கவலை. நாலைந்து பிழி போதும், வெளுக்கும்வரை கழுவ வேண்டியதில்லை. குழாயில் குளோரின் கலந்த தண்ணீர் வருகிற வீடுகளில் அந்தக் குழாயடியில் ஸ்பாஞ்சைக் காட்டவே கூடாது. கரண்ட் போய் நாலைந்து மணி நேரம் வராவிட்டால் ஸ்பாஞ்சை எடுத்துத் தொட்டிக்குள் மிதக்கவிடுகிறேன். மூடிய பெட்டிக்குள் தேங்கின நீரில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இப்போதைய வேலை உறிஞ்சு குழாயில். கப்பி குட்டி போட்டிருக்கிறது, குழாயின் பிளவு வழியே குஞ்சுகள் உள்ளே இழுபடுகின்றன. உருளை ஸ்பாஞ்ச் ஒன்றை வாய்க்கு மாட்டினேன். குஞ்சுகள் தப்பின, இரண்டு மூன்று அதன்மேல் ஒட்டியதை மேய்ந்துகொண்டும் இருக்கின்றன. ஆனால் நீர் விழும் வேகம் சரிந்துவிட்டது. அடுத்த வாரம் இன்னும் பெரிய கண்ணுள்ள ஸ்பாஞ்ச் மாட்டிப் பார்க்க வேண்டும்.