பால்வாடியில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

என் மகளைத் தெருமுனைப் பால்வாடிக்கு அனுப்பத் தொடங்கிய நாளிலிருந்து உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் கேட்டுவரும் கேள்வியையே இந்தப் பதிவுக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் கேட்டிருப்பேன்.

மூன்று வயது முடிந்ததும் அவளை முதலில் ஒரு தனியார் மழலையர் பள்ளியில் சேர்த்தோம். ஒரு மாதத்துக்குள் நான்கு கோடு நோட்டும் பென்சிலும் வந்துவிட்டன. தினமும் ஒரு பக்கம் 'அ' எழுதிவர வேண்டும். ஒருநாள் இரவு எழுதிக்கொண்டிருந்தவள், பாதியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "கை வலிக்குதும்மா" என்று விரல்களை என் முன் நீட்டினாள். கட்டைவிரலின் ஓரம் சிவந்து, பென்சிலின் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருந்தது. பிறக்கும்போது மணிக்கட்டில் இருக்கும் எட்டு எலும்புகளும் வெறும் குருத்தெலும்புதான் என்பதையும், அவை ஒவ்வொன்றாக இறுகி முடியப் பல ஆண்டுகள் ஆகும் என்பதையும் அதன் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பருவம் முடிவதற்குள் அவளை அங்கிருந்து நிறுத்திவிட்டோம்.

பால்வாடிக்குச் சென்ற முதல் வாரம் அவள் அழுததால், சில நாட்கள் காலைப்பொழுதில் வாசற்படியில் உட்கார்ந்திருக்க டீச்சர் எனக்கு அனுமதி தந்தார். அப்போது பார்த்த ஒரு காட்சியைச் சொன்னாலே தலைப்புக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். ஒரு தட்டில் புளியங்கொட்டையையும் கிளிஞ்சலையும் கலந்து, என் மகளுக்கும் இன்னொரு பையனுக்கும் நடுவில் வைத்தார் டீச்சர். (எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் சின்னக் குழந்தைகளுக்கு இவற்றைத் தருவதில்லை, அவர்களுக்குப் பெரிய மரக்கட்டைகள்தான்.) இருவரும் பிரித்துக்கொண்டே வந்தார்கள். உடைந்த புளியங்கொட்டை ஒன்றை இவள் மூன்றாவதாக ஓர் இடத்தில் வைத்தாள். "இதுவும் புளியங்கொட்டதான்" என்று அவன் எடுத்து மாற்ற, இவள் திரும்பவும் பழைய இடத்திலேயே வைத்தாள். டீச்சர் யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. "ஏன் தங்கம் அத தனியா வச்சே?" என்று மட்டும் கேட்டார். "இது ஒடஞ்சது" என்றாள். அவன் சற்று நேரம் அதையே பார்த்துவிட்டு, தன் பக்கத்துக் குவியலில் உடைந்தவை இருக்கின்றனவா என்று தேட ஆரம்பித்தான்.

இரண்டாக இருந்த தொகுதியை மூன்றாகப் பிரித்ததும், அதற்குக் காரணம் சொன்னதும், ஒரே பொருளை இரு விதமாக வகைப்படுத்தலாம் என்பதை அந்தப் பையன் கண்டுகொண்டதும் பத்து நிமிடத்துக்குள் நடந்தன. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒவ்வொரு கொட்டையாகப் பொறுக்கிய அந்தப் பிடிதான் நாளை பென்சிலைப் பிடிக்கப் போகிறது. அன்றே கடை விளையாட்டு நடந்தபோது அதே கொட்டைகள் காசாயின. அஞ்சு கேட்ட கடைக்காரனிடம், "ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு" என்று நான்கு கொட்டைகளைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். நூறு வரை ஒப்பிக்கும் குழந்தைக்குக்கூட ஓர் எண்ணுக்கு ஒரு பொருள் என்பது இப்படிக் கையால் கொடுத்து வாங்கித்தான் பிடிபடுகிறது.

புளியங்கொட்டை ஏழைக்கேற்ற மாற்று ஏற்பாடு என்று எண்ணிவிட வேண்டாம். 1920இல் குஜராத்தின் பாவ்நகரில் பால மந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கிய கல்வியாளர் கிஜுபாய் பதேகாவுடன் பணியாற்றிய தாராபாய் மோடக், 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்துக்குச் சென்றபோது, மாண்டிசோரி கல்விமுறையின் விலையுயர்ந்த கற்பித்தல் சாதனங்களுக்குப் பதிலாக விதை, இலை, கல், கிளிஞ்சல் ஆகியவற்றைக் கொண்டே பாலர் கல்வியை வகுத்தார். குழந்தைகள் வரவில்லை என்றால் அவர்கள் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுசென்றார். அங்கன் என்றால் முற்றம்; அங்கன்வாடி என்ற பெயர் அந்த வழியில் வந்ததுதான். கல்வியாளர் மீனா சுவாமிநாதன் தலைமையிலான அரசுக் குழு 1972இல் அளித்த அறிக்கையும் விளையாட்டையே முன்பருவக் கல்வியின் அடிப்படையாக வலியுறுத்தியது. 1975 அக்டோபர் 2 அன்று, அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கான பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்பதுதான்.

நம் மரபுக்கும் இது புதிதன்று. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஆண்பாலுக்குரிய கடைசி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானையும் ஊசலும் உண்டு. குழந்தை தலை தூக்கி அசையும் செங்கீரையும் தாலாட்டுக் கேட்கும் தாலும் எப்படி வளர்ச்சியின் படிகளோ, அப்படியே மணல்வீடும் தேரும் படிகள் என்று பாடிய மொழியில், "விளையாட்டுதானே" என்று இழுத்துச் சொல்லும் வழக்கம் எப்போது வந்ததோ.

குறைகளும் இருக்கின்றன. எடை பார்ப்பது, இணை உணவு மாவு கொடுப்பது, பதிவேடு, கைப்பேசிச் செயலியில் விவரம் ஏற்றுவது எல்லாம் ஒரே பணியாளர் தலையில் விழுவதால், உதவியாளர் விடுப்பெடுத்த நாளில் விளையாட்டுத் தட்டு அலமாரியை விட்டு இறங்குவதே இல்லை. டீச்சர் குழந்தைகளோடு தரையில் உட்காரும் நேரம்தான் முதலில் குறைகிறது. பால்வாடியின் உயிரே அந்த நேரத்தில் இருப்பதால், இதை நான் சிறிய குறையாக எண்ணவில்லை. போதாததற்கு, "எழுத வைக்கக் கூடாதா?" என்று வாசலில் நின்று கேட்கும் பெற்றோர்களுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற வாரம் அந்தத் தட்டில் இருந்த கொட்டைகளை வண்டு அரித்துவிட்டதாகச் சொல்லி, வீட்டில் புளி எடுக்கும்போது கொட்டையைச் சேர்த்து வைக்குமாறு டீச்சர் கேட்டிருந்தார். நானும் மகளுமாகக் கழுவி மொட்டைமாடியில் காயப்போட்டோம். நாளை எடுத்துச் செல்லப் பைக்குள் போட்டபோது, உடைந்தவற்றை மட்டும் அவள் வேறொரு கிண்ணத்தில் வைத்திருந்தாள்; அதையும் தனியாகக் கட்டித் தரச் சொல்லியிருக்கிறாள்.