பத்து ஸ்டாப் ஃபில்டர்: வெளிச்சம் எங்கே ஒழுகுகிறது?

ஒருவழியாக ஊதாக் கோடு ஒழிந்தது. 100 நொடி, எஃப்/11 (அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துளையின் அளவு), ஐ.எஸ்.ஓ 100 (சென்சாரின் ஒளியுணர்வு), வலப்பக்கத்திலிருந்து நேராக முகத்தில் அடிக்கும் காலை வெயில். திருவொற்றியூர்ப் பக்கத் தூண்டில் வளைவு (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் போட்ட கல்வரிசை), கற்களைச் சுற்றிப் பால் மாதிரி தண்ணீர், வானத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இதே இடம், இதே கண்ணாடி, அதாவது ஷட்டரை நெடுநேரம் திறந்து வைப்பதற்காக லென்ஸுக்கு முன்னால் செருகும் பத்து ஸ்டாப் கறுப்பு ஃபில்டர். பழைய படங்களில் நடுவில் குறுக்காக ஓர் ஊதாப் பட்டை, ஓரத்தில் வெளுத்த பிறை. ஃபில்டர் மட்டம் என்று முடிவுகட்டி வேறு வாங்கும் நிலைக்கு வந்தாயிற்று. கடைசியில் குற்றவாளி கண்ணாடி இல்லை, அதன் முதுகில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்ச்.

பல்ப் மோட், ரிமோட், ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றுவது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடலாம். ஒழுகலுக்கு வருவோம்.

ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்; பத்து ஸ்டாப் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் கண்ணாடி வழியாக உள்ளே போகிறது. கணக்கின்படி 1024-இல் ஒன்று. சாதாரணமாக எடுக்கும்போது இடுக்கு வழியாக உள்ளே வரும் அற்ப வெளிச்சம் படத்தில் தெரியவே தெரியாது. ஆனால் படத்துக்கான வெளிச்சத்தையே ஆயிரத்தில் ஒன்றாக்கிவிட்டால், அந்த அற்பமும் படமும் சமபலம். மூன்று ஸ்டாப், ஆறு ஸ்டாப் ஃபில்டரில் இந்தத் தொல்லை தெரியாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

சென்னையில் இதற்கு ஒரு நேர அட்டவணையே போடலாம், ஏனென்றால் நம் கடல் கிழக்கே இருக்கிறது. மாலையில் கடலைப் பார்த்து எடுத்தால் வெயில் முதுகுப் பக்கம், டி.எஸ்.எல்.ஆர் என்றால் வ்யூஃபைண்டர் வழியாக நுழையும். காலையில் கரையோரமாக வடக்கே பார்த்து எடுத்தால் வெயில் வலக்கைப் பக்கம். ஃபில்டரை லென்ஸில் பிடித்து வைக்கும் ஹோல்டருக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள சந்தில் நுழையும். நேர் கிழக்கே பார்த்தாலும் ஜூனில் சூரியன் சுமார் 24 டிகிரி இடப்பக்கம் தள்ளி உதிக்கும், டிசம்பரில் அதே அளவு வலப்பக்கம். முட்டுக்காடு உப்பங்கழியில் மேற்கே பார்த்து எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஐ.எஸ்.ஓ-வை 6400-க்கு ஏற்றி, ஃபில்டர் போட்டபடியே இரண்டு படம்: எஃப்/5.6-இல் 0.4 நொடி, எஃப்/16-இல் 3.2 நொடி. மூன்று ஸ்டாப் வித்தியாசம், எட்டு மடங்கு நேரம்; இரண்டு படமும் ஒரே பிரகாசத்தில் வர வேண்டும். இப்போது கோட்டை மட்டும் பாருங்கள். எஃப்/16 படத்தில் கோடு பல மடங்கு அழுத்தமாக இருந்தால், ஒழுகல் அப்பர்ச்சருக்குப் பின்னால்: வ்யூஃபைண்டர், லென்ஸ் மவுண்ட், அல்லது பழைய லென்ஸில் தூரம் காட்டும் சின்ன ஜன்னல். அந்த வெளிச்சத்துக்கு அப்பர்ச்சர் குறுக்கே நிற்பதில்லை, நேரம் கூடக் கூடச் சேர்ந்துகொண்டே போகும். இரண்டிலும் கோடு ஒரே அளவில் இருந்தால் ஒழுகல் முன்னால், ஹோல்டர் பக்கம். அந்த வெளிச்சமும் அப்பர்ச்சர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். நான்கு நிமிடம் காத்திருந்து ஏமாறத் தேவையில்லை, நான்கு நொடியில் தீர்ப்பு.

பின்பக்கம் என்றால் வைத்தியம் சுலபம். கேனான் கழுத்து வாரில் கோர்த்திருக்கும் ரப்பர் மூடி அதற்குத்தான். நிக்கானின் மேல்தட்டு பாடிகளில் வ்யூஃபைண்டருக்குப் பக்கத்திலேயே ஒரு நெம்பு இருக்கும். வெளிச்சம் அளக்கும் முன்பே மூடிவிடுங்கள், திறந்திருந்தால் மீட்டரும் ஏமாறும். மிரர்லெஸ்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், அதன் வ்யூஃபைண்டர் வழியாக வெளிச்சம் நுழையாது.

முன்பக்கம்தான் பாடு படுத்தியது. சதுர ஃபில்டரின் பின்புறம் ஒரு ஃபோம் சட்டம் ஒட்டி வரும். லென்ஸை ஒட்டிய முதல் பள்ளத்தில், ஃபோம் லென்ஸைப் பார்த்தபடி செருக வேண்டும். மாற்றிச் செருகினால் கண்ணாடி ஹோல்டரை விட்டு விலகி நிற்கும், சந்து இன்னும் பெரிதாகும். இதில் தவறு இல்லை என்று உறுதியான பிறகும் ஒழுகியதற்குக் காரணம், அந்த ஃபோம் நம் ஊர்க் காற்றுக்கு ஆகாதது. திறந்த துளை பாலியூரித்தேன்; ஈரப்பதத்தில் மெல்ல மெல்லச் சிதையும். பழைய ஃபிலிம் கேமராக்களின் கதவில் தார் மாதிரி பிசுபிசுக்கும் அதே சரக்கு. 2 மி.மீ. இருந்தது அமுங்கி 1 மி.மீ.க்கும் கீழே போயிருந்தது, மூலையில் பொடியாக உதிர்ந்தது. வெயிலில் நிறுத்திய காருக்குள் பையை விட்டால் பசை இளகிச் சட்டமே நகர்ந்துவிடும்.

விலை கூடிய கண்ணாடியை வைத்துப் பரிசோதனை செய்யாதீர்கள். படச்சட்டக் கடையில் கிடைக்கும் கறுப்பு மவுண்ட் போர்டில் 100 × 100 மி.மீ. அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். தடிமன் ஃபில்டரைப் போல 2 மி.மீ. வர வேண்டும், மெலிசாக இருந்தால் இரண்டை ஒட்டலாம். வெட்டிய விளிம்பு வெள்ளையாக இருக்கும், மார்க்கரால் கறுப்பாக்குங்கள். முன்பக்கம் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டினால் அட்டை வழியாக ஒரு துளி வெளிச்சம் போகாது. ஃபில்டருக்குப் பதில் இந்த அட்டையைச் செருகி, வ்யூஃபைண்டரை மூடி, வெயில் பக்கவாட்டில் விழும்படி நிறுத்தி, ஐ.எஸ்.ஓ 6400-இல் 30 நொடி. படம் கறுப்பாகத்தான் வர வேண்டும். வேறு எது தெரிந்தாலும் அது ஒழுகல். புது ஃபோம் எதுவானாலும் முதலில் அட்டையில் ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் கண்ணாடிக்குப் போக வேண்டும்.

ஒட்டிப் பார்த்தவை மூன்று. பள்ளிக்கூடக் கைவினைக்கு விற்கும் 2 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோம் தாள்: வெளிச்சத்தை நன்றாக அடைக்கிறது, ஆனால் விறைப்பு, கண்ணாடி உள்ளே போக மாட்டேன் என்கிறது, பலவந்தமாகத் தள்ளினால் ஹோல்டரின் பிளாஸ்டிக் விரிகிறது. 1 மி.மீ. ஈ.வி.ஏ. மேல் வெல்வெட் ரிப்பன்: வழுக்கிக்கொண்டு போகிறது, அடைப்பும் பரவாயில்லை, ஆனால் வெல்வெட் நார் உதிர்ந்து கண்ணாடியில் ஒட்டுகிறது. பழைய லேப்டாப் உறையிலிருந்து வெட்டிய 2 மி.மீ. நியோப்ரீன்: இதுதான் ஜெயித்தது. மூடிய துளை, உப்புத் தண்ணீர் ஏறாது, அமுக்கினால் அமுங்கி விட்டால் எழும்புகிறது. உறை கிடைக்காதவர்கள் பெரியமேடு பக்கம் ரெக்ஸின், ஃபோம் விற்கும் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். வாங்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பு என்று சொல்லி விற்பதில் பாதி, வெளிச்சத்தில் பிடித்தால் பழுப்பாகத் தெரியும்.

வெட்டும்போது நான்கு பட்டைகளாக வெட்டாமல் ஒரே துண்டாக வெட்டுங்கள். வெளியே 98 மி.மீ. சதுரம், உள்ளே 86 மி.மீ. வட்டம். ஒடுங்கிய இடத்தில் 6 மி.மீ. மிஞ்சும், போதும். பட்டை பட்டையாக ஒட்டினால் நான்கு மூலையிலும் நான்கு இணைப்பு, அங்கேதான் முதலில் ஒழுகும். பழைய பசையை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் எடுக்கலாம், கண்ணாடி ஃபில்டருக்கு மட்டும், ரெசின் (பிளாஸ்டிக்) ஃபில்டரில் வேண்டாம். ஒட்டியபின் லென்ஸின் அகலக் கோடியில் எஃப்/16 வைத்து மூலைகளைப் பாருங்கள், 16 மி.மீ.யில் சட்டம் எட்டிப் பார்த்தால் வட்டத்தை ஒன்றிரண்டு மி.மீ. பெரிதாக்க வேண்டும்.

கோடு போன பிறகும் வானத்தில் மங்கலாக வளைந்த வெள்ளைக் கிறுக்கல் மாதிரி ஒன்று மிச்சம் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து! லென்ஸின் முன்வளையத்தில் அச்சடித்த வெள்ளை எழுத்துகள் கண்ணாடியின் பின்புறத்தில் பட்டுத் திரும்பி வருகின்றன. கறுப்புக் காகித டேப்பை வளையமாக வெட்டி எழுத்தின் மேல் ஒட்டியதும் மறைந்தது. லென்ஸுக்கும், ஹோல்டரை மாட்டும் அடாப்டர் வளையத்துக்கும் இடையில் இருக்கும் சந்துக்கு ஃபேன்சி ஸ்டோரில் விற்கும் கறுப்பு வெல்வெட் ஹேர்பேண்ட். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், காசு கொடுத்து வாங்கும் உறையைவிட இறுக்கமாகப் பிடிக்கிறது.

திருகிப் போடும் வட்ட ஃபில்டரில் இந்த வம்பே இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். விடியலில் வானத்தை மட்டும் இரண்டு மூன்று ஸ்டாப் அடக்க, மேல்பாதி மட்டும் கறுத்த கிராஜுவேட்டட் ஃபில்டரைச் சேர்த்துப் போட வேண்டியிருப்பதால்தான் சதுரம். வட்டம் வைத்திருப்பவர்கள் பித்தளை வளையமாகப் பாருங்கள், அலுமினியம் உப்புக்காற்றில் பிடித்துக்கொண்டால் ரப்பர் பேண்ட் சுற்றித்தான் கழற்ற முடியும். திருப்பித் திருப்பிக் கருமையைக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் என்.டி. ஃபில்டர் இந்த வேலைக்கு வேண்டாம். உள்ளே இரண்டு போலரைசர். அகல லென்ஸில் முழு அளவுக்குத் திருப்பினால் வானத்தின் குறுக்கே பெருக்கல் குறி விழும்.

அடுத்து, பத்து என்று எழுதியிருப்பது பத்துதானா? வீட்டிலேயே அளக்கலாம். வெள்ளைச் சுவர், ஒரே ஒரு எல்.இ.டி. பல்பு, ஜன்னல் மூடியிருக்கட்டும். ஃபில்டர் இல்லாமல் எஃப்/8, 1/25 நொடி. அதைவிட வேகமாக வைத்தால் மின்சாரத் துடிப்பு கணக்கைக் கெடுக்கும். ஃபில்டர் போட்டு 40, 50, 60 நொடி. எந்தப் படத்தின் ஹிஸ்டோகிராம் (பிரகாச வரைபடம்) முதல் படத்தோடு பொருந்துகிறதோ அதன் நொடியை 25-ஆல் பெருக்குங்கள். இங்கே 60 பொருந்தியது: 1500 மடங்கு, அதாவது பத்தரை ஸ்டாப். ஃபில்டர் இல்லாமல் 1/15 நொடி என்றால், பத்து ஸ்டாப் அட்டவணை 68 நொடி என்று சொல்லும், உண்மையில் 100 வேண்டும். இதுநாள்வரை படங்கள் இருட்டாக வந்ததற்குக் காரணம் அந்த அரை ஸ்டாப். கடற்கரையில் அட்டவணையைத் தேடவும் வேண்டாம்: ஐ.எஸ்.ஓ 6400-இல் எத்தனை நொடியோ, 100-இல் ஏறக்குறைய அத்தனை நிமிடம். 1.6 நொடியில் சரியாக வந்தால் 1.6 நிமிடம். விடியலுக்கு முன்பு மட்டும் கணக்கில் வந்ததை அப்படியே வைக்காதீர்கள். திறந்திருக்கும்போதே வெளிச்சம் ஏறிக்கொண்டிருக்கும். 4 நிமிடம் என்றால் இரண்டரையில் மூடிப் பாருங்கள். மாலையில் எதிர்ப்பக்கம், கூட்ட வேண்டும்.

நிறச் சாயலுக்கு அந்த எல்.இ.டி. சோதனையை நம்ப வேண்டாம். எல்.இ.டி.யில் அகச்சிவப்பு கிட்டத்தட்டக் கிடையாது. வெயிலில் நிறைய உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறித்துவிட்டு அகச்சிவப்பைத் தாராளமாக விடும் கண்ணாடி, சுவரில் நடுநிலையாகவும் கடற்கரையில் செம்பழுப்பாகவும் வரும். டி.வி. ரிமோட்டை அழுத்திக்கொண்டு, ஃபில்டர் வழியாக போனின் முன்கேமராவில் பார்த்தால் தோராயமாகத் தெரிந்துவிடும். ரிமோட் பல்பு குறையாமல் மின்னினால் கண்ணாடி விடுகிறது என்று அர்த்தம். மற்றபடி, பிறகு சாயலைத் திருத்த, அந்த இடத்து வெளிச்சத்திலேயே ஒரு சாம்பல் அட்டையை ஃபில்டரோடு ஒரு ராஃ (கேமராவின் மூலக் கோப்பு) எடுத்து வைத்துக்கொண்டால் போதும். எஃப்/11-லிருந்து எஃப்/2.8, ஐ.எஸ்.ஓ 100-லிருந்து 6400: நான்கும் ஆறும் பத்து ஸ்டாப், ஃபில்டர் இல்லாத அதே ஷட்டர் வேகத்தில் எடுத்துவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. இத்தனை கறுப்பாக இருக்கிறதே என்று இதன் வழியாகச் சூரியனைக் கண்ணால் பார்க்காதீர்கள். இது வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகத்தான் குறைக்கிறது. சூரியனுக்கென்று செய்த ஃபில்டர்கள் லட்சத்தில் ஒரு பங்காகக் குறைப்பவை.

கடற்கரை விஷயங்கள் சுருக்கமாக. ஏ.சி. அறையிலிருந்து எடுத்த பையை அரை மணி முன்பே வெளியே வைத்துவிடுங்கள். கறுப்புக் கண்ணாடியில் படியும் பனி வ்யூஃபைண்டரில் தெரியாது, சாய்த்து வானத்தின் பிரதிபலிப்பைப் பார்த்தால்தான் தெரியும். ஈர மணலில் ட்ரைபாட் கால் ஒவ்வொரு அலைக்கும் இறங்கும்; காலுக்கு ஒரு கொட்டாங்குச்சி வைத்து, இரண்டு மூன்று அலை போன பிறகு ஷட்டரைத் திறக்கவும். உப்பு படிந்த கண்ணாடியைத் துடைக்கக் கூடாது, முதலில் கழுவ வேண்டும். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் கறை விடாது, நம் குழாய்த் தண்ணீர் விடும். கேமராவின் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள், சூட்டுப் புள்ளிகளைக் கழிக்க 4 நிமிடப் படத்துக்கு இன்னொரு 4 நிமிடம் பூட்டிக்கொள்ளும். அதற்குள் விடியல் முடிந்துவிடும். கடைசியில் மூடி போட்டு அதே நேரம், அதே ஐ.எஸ்.ஓ-வில் ஒரு கறுப்புப் படம் எடுத்து வீட்டில் கழித்துக்கொள்ளலாம். கேமரா சூடாக இருக்கும்போதே எடுக்க வேண்டும், ஏ.சி.க்குப் போய் எடுத்தால் சூட்டுப் புள்ளிகள் பொருந்தாது.

அடுத்தது பதினைந்து ஸ்டாப். உச்சி வெயிலில் எஃப்/11, 1/125 என்றால் பத்து ஸ்டாப்பில் 8 நொடிதான் கிடைக்கிறது, மேகம் அசைந்ததே தெரியாது. பதினைந்தில் 262 நொடி. அடையாறு முகத்துவாரத்து உடைந்த பாலத்தில், கடல்காற்று எழுந்த பிறகு கிழக்கே பார்த்து, மேகங்கள் தொடுவானத்திலிருந்து விசிறியாகத் தலைக்கு மேலே விரியும்படி எடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அது தயாராக வேண்டும். மாமல்லபுரமும் பட்டியலில் இருக்கிறது, ஆனால் கோயில் வளாகத்துக்குள் ட்ரைபாட் என்றால் தொல்லியல் துறை அனுமதி வாங்க வேண்டும். பதினைந்துக்கு ஒழுகல் இன்னும் 32 மடங்கு உறுத்தும் என்பதால் கறுப்பு அட்டையை மறுபடி வெளியே எடுத்தாயிற்று. 30 நொடியில் சுத்தமாக வந்த நியோப்ரீன், வெயிலில் 4 நிமிடம் வைத்தபோது கீழ் வலது மூலையில் லேசாக ஒரு சாம்பல் திட்டு காட்டுகிறது. அந்த மூலையில் ஹோல்டரின் திருகுத் துளை ஒன்று இருக்கிறது, முதலில் அதை அடைத்துப் பார்க்க வேண்டும்.