யார் நிரப்புவது?

“படிவத்தைப் பூர்த்தி செய்து அலுவலர் கையொப்பமிடுவார்.”

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலக வாசலில் இன்று பார்த்த அறிவிப்பு. வெற்றுப் படிவத்தோடு நின்ற வயதான அம்மா ஒருவர் கேட்டார்: “தம்பி, அவரே நிரப்பிவிடுவாரா?”

அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். வாக்கியம்தான் தவறு.

‘செய்து’ என்னும் வினையெச்சம் முற்றுவினையின் எழுவாயையே கொள்ளும் என்பது நன்னூல் விதி. கையொப்பமிடுபவர் அலுவலர் என்றால், பூர்த்தி செய்பவரும் அவரே. (“மழை பெய்து குளம் நிறைந்தது” போன்ற காரணத் தொடர்கள் வேறு; அவற்றில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை.)

“படிவத்தை நீங்கள் பூர்த்தி செய்து தந்தால், அலுவலர் கையொப்பமிடுவார்.”

கூடுதலாக இரண்டே சொற்கள். ‘தந்தால்’ வேறு எழுவாயை ஏற்கும். அந்த அம்மாவுக்கும் கேள்வியே எழுந்திருக்காது.

காற்புள்ளியையும் நாம் அலங்காரமாகவே நினைக்கிறோம். “நேற்று வந்த மாணவியின் தந்தை” என்றால் வந்தது யார்? “நேற்று வந்த, மாணவியின் தந்தை” என்று எழுதினால் தந்தைதான்.

ஓலைச்சுவடிகளில் காற்புள்ளி போன்ற குறிகள் இல்லை. அச்சு வந்த பிறகு பரவியவை. சுவடி படிப்பவருக்கு உரையாசிரியர் துணை இருந்தார். அலுவலக வாசலில் நிற்பவருக்கு யார் இருக்கிறார்கள்?

அறிவிப்பு எழுதும் நண்பர்களே, ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு வினையிடமும் ‘யார்?’ என்று கேட்டுப் பாருங்கள்.